உறைபனியில் கருகிய தோட்டத்தை மீட்பது எப்படி: கறிவேப்பிலை முதல் வாழை வரை

முதலில் கையில் இருக்கும் கத்தரியைக் கீழே வையுங்கள். உறைபனி போய் வெயில் தலைகாட்டிய அன்றே தோட்டத்தில் இறங்கி, கருகியதையெல்லாம் வெட்டிச் சுத்தம் செய்துவிட வேண்டும் என்று கை துறுதுறுக்கும். எனக்கும் அப்படித்தான் இருந்தது. ஆனால் அமெரிக்காவில் டெக்ஸாஸ் மாநிலத்து ஹூஸ்டன் பக்கம் இத்தனை வருடம் செடி வளர்த்ததில் நான் கண்ணால் பார்த்தது, குளிர் முடிந்த முதல் இரண்டு வாரத்தில் அவசரப்பட்டு வெட்டியும் பிடுங்கியும் போட்டதில் போன செடிகள் ஏராளம், அவற்றில் பாதிக்கு வேரில் உயிர் இருந்திருக்கும்.

2021 பிப்ரவரியை டெக்ஸாஸில் இருந்த யாரும் மறக்க முடியாது. மாநிலத்தின் 254 கவுண்டிகளுக்கும், அதாவது நம் ஊர் மாவட்டம் போன்ற எல்லாப் பகுதிகளுக்கும், ஒரே நேரத்தில் குளிர்காலப் புயல் எச்சரிக்கை. 16-ம் தேதி காலை ஹூஸ்டன் விமான நிலையத்தில் 13 டிகிரி பாரன்ஹீட், அதாவது மைனஸ் 10 செல்சியஸுக்கும் கீழே. டல்லாஸில் மைனஸ் 2 பாரன்ஹீட், செல்சியஸில் சொன்னால் மைனஸ் 19. கரண்ட் இல்லை, குழாயில் தண்ணீர் இல்லை, வீட்டுக்குள்ளேயே ஸ்வெட்டர் மேல் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். வெளியே என் கறிவேப்பிலை மரம், எட்டு வருடம் வளர்த்தது, கூரை ஓரம் வரை உயரம், இரண்டே நாளில் வெந்நீரில் போட்டு எடுத்த கீரை போலத் தொங்கியது. அந்த மரத்தைத் தோண்டி எடுக்க மண்வெட்டியோடு போனவன்தான் நான். பக்கத்துத் தெருவில் இருக்கும் தஞ்சாவூர் மாமி ஒருவர் பார்த்துவிட்டு, "வேர் இருக்கும்ப்பா, வைகாசி வரைக்கும் அதைத் தொடாதே" என்றார். அவர் சொன்னதை நம்பாமல்தான் விட்டேன்.

2022 டிசம்பரில் ஒரு முறை, 2024 ஜனவரியில் ஒரு முறை, 2025 ஜனவரியில் பனிப்பொழிவோடு ஒரு முறை என்று அப்புறமும் உறைந்தது. ஒவ்வொரு முறையும் நான் செய்கிற வரிசையைத்தான் கீழே எழுதியிருக்கிறேன். நாள் கணக்கெல்லாம் ஹூஸ்டன், ஆஸ்டின் பக்கத்துக்கு. இன்னும் வடக்கே இருந்தால் எல்லாவற்றையும் இரண்டு மூன்று வாரம் தள்ளி வைத்துக்கொள்ளுங்கள்.

குளிர் செடிக்குள் என்ன செய்கிறது

இது தெரிந்தால் மற்றதெல்லாம் ஏன் என்று தானே புரியும். செடிக்குள் தண்ணீர் பெரும்பாலும் முதலில் உறைவது செல்களுக்கு இடையே இருக்கும் இடைவெளியில். அங்கே உருவான பனிக்கட்டி, செல்லுக்குள் இருக்கும் தண்ணீரை வெளியே இழுத்துக்கொள்கிறது, செல் உள்ளுக்குள் வற்றிச் சுருங்குகிறது. அதனால் உறைபனியில் அடிபட்ட செடி ஒரு வகையில் தாகத்தில் தவித்த செடிதான். குளிர் மளமளவென்று இறங்கினால் செல்லுக்கு உள்ளேயே பனி உருவாகிச் சவ்வைக் கிழித்துவிடும், அந்தப் பாகம் திரும்பாது. மெதுவாகக் குளிர்ந்துகொண்டே வந்தால் செடி தன்னைத் தயார் செய்துகொள்ள நேரம் கிடைக்கும். 2021-ல் அந்த நேரம் கிடைக்கவில்லை, முந்தைய வாரம் வரை இதமான வெயிலில் எல்லாம் துளிர்விட ஆரம்பித்திருந்தன.

முதல் மூன்று நாள்

உறைந்த இலையைத் தொடாதீர்கள், உலுக்காதீர்கள். கிளையில் பனிக்கட்டி படிந்திருந்தால் தட்டி உடைக்க வேண்டாம், கட்டியோடு சேர்ந்து கிளையும் வரும். வெந்நீர் ஊற்றி உருக்கவே கூடாது. புல்வெளியிலும் நடக்காதீர்கள், உறைந்த புல் காலடியில் நொறுங்கி அந்தத் தடம் வாரக் கணக்கில் பழுப்பாகவே நிற்கும்.

செடி மேல் பிளாஸ்டிக் ஷீட் போட்டு மூடியிருந்தால் வெயில் வந்தவுடன் எடுத்துவிடுங்கள், இல்லையென்றால் உள்ளே வெந்துவிடும். துணியோ போர்வையோ என்றால் வெப்பநிலை உறைநிலைக்கு மேலே ஏறிய பிறகு எடுத்து, நன்றாகக் காய வைத்து, மடித்துக் கைக்கெட்டும் இடத்தில் வையுங்கள், இன்னும் தேவைப்படும். தொட்டியில் இருப்பவற்றை நேர் வெயிலில் நிறுத்தாமல் நிழலில் வைத்து மெதுவாக உருக விடுங்கள்.

அப்புறம் தண்ணீர். மண்ணில் விரலை இரண்டு அங்குலம் விட்டுப் பாருங்கள். காய்ந்திருந்தால், மண் உருகியதும் ஒரு முறை நிதானமாக, வேர் வரை இறங்கும்படி ஊற்றுங்கள். அத்தோடு நிறுத்திவிட வேண்டும். இலை இல்லாத செடி தண்ணீரை உறிஞ்சி வெளியேற்ற முடியாது, பாவம் என்று தினமும் ஊற்றினால் வேர் அழுகிவிடும். உறைபனியில் தப்பித்துத் தண்ணீரில் செத்த செம்பருத்தி என் கணக்கில் இரண்டு உண்டு. இனி மண் காயும்போது மட்டும். தோட்டத்துக் குழாயையும் சொட்டுநீர் லைனையும் ஒரு முறை திறந்து பாருங்கள், வெடித்த குழாய் கண்ணுக்குத் தெரியாமல் ஒரே இடத்தில் தண்ணீரைக் கொட்டிக்கொண்டிருக்கும்.

எலுமிச்சையிலும் ஆரஞ்சிலும் பழம் இருந்தால் மட்டும் அவசரம். 28 பாரன்ஹீட், அதாவது மைனஸ் 2 அளவில் சில மணி நேரம் இருந்தாலே பழம் உள்ளே உறையும். ஒன்றை நறுக்கிப் பாருங்கள். உறைந்த பழத்தை ஓரிரு நாளில் பறித்துச் சாறு பிழிந்து வைத்துவிடலாம், விட்டால் சுளை வற்றிச் சக்கையாகிவிடும்.

கூழானதை மட்டும் எடுங்கள்

வெட்டாதீர்கள் என்ற விதிக்கு ஒரே விலக்கு, கட்டையில்லாத, சதைப்பற்றான செடிகள். சேம்பு, கல்வாழை, பிகோனியா, வாழை இலை இவையெல்லாம் உறைந்து உருகியதும் கூழாகிவிடும், நாலைந்து நாளில் நாற்றம் எடுக்கும், அந்த அழுகல் கீழே கிழங்குக்கு இறங்கும். அதனால் கொழகொழவென்று ஆனதை எல்லாம் வழித்து எடுத்துவிடுங்கள். மஞ்சளும் இஞ்சியும் குளிர்காலத்தில் எப்படியும் மேலே காய்ந்துவிடும், கிழங்கு மண்ணுக்குள் இருக்கிறது, மேலே வைக்கோலோ சருகோ பரப்பிவிட்டு மறந்துவிடலாம்.

வாழையைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் இதில்தான் நிறையப் பேர் மரத்தை அடியோடு சாய்த்துவிடுகிறார்கள். இலை கருகியிருந்தாலும் மட்டைக்குள் குருத்து உயிரோடு இருக்கலாம். நல்ல கூர்மையான கத்தியால் மேலிருந்து ஓர் அடி ஒதுக்கி நேராக வெட்டி, வெட்டிய முகத்தைப் பாருங்கள். நடுவில் பழுப்பாக, தண்ணீர் கோத்து, அழுத்தினால் உள்ளே போகிறது என்றால் இன்னும் அரையடி கீழே வெட்டுங்கள். அப்படியே இறங்கிக்கொண்டே வந்தால் ஓர் இடத்தில் நடுப்பகுதி வெண்ணெய் நிறத்தில், கெட்டியாக, ஈரமாக இருக்கும். அங்கே நிறுத்திவிட்டு மறுநாள் காலையில் போய்ப் பாருங்கள். சுற்றியிருக்கும் மட்டை வெட்டிய மட்டத்திலேயே இருக்க, நடுக்குருத்து மட்டும் விரல் அகலம் மேலே துருத்திக்கொண்டு நிற்கும். ஊரில் தோப்பில் வாழையை வெட்டியவர்கள் எல்லோரும் பார்த்திருக்கிற காட்சிதான், ஆனால் உறைந்து கருகிய தோட்டத்தில் அதைப் பார்க்கும்போது வரும் சந்தோஷம் வேறு. நல்ல குளிர் நாளாக இருந்தால் ஒரு வாரம்கூட ஆகலாம். தரை வரை வெட்டியும் வெள்ளை தெரியவில்லை என்றாலும் கிழங்கைத் தோண்டாதீர்கள், பக்கக் கன்று வர வாய்ப்பு நிறைய.

மரச்செடிகளில் காத்திருந்து கீறிப் பார்ப்பது

கட்டை உள்ள செடிகளில் இப்போது கவாத்து வேண்டாம் என்பதற்கு இரண்டு காரணம். ஒன்று, வெட்டினால் செடி துளிர்க்கப் பார்க்கும், அடுத்த உறைபனி அந்தத் துளிரைக் கருக்கிவிடும், சேமித்து வைத்திருந்த சக்தியும் வீண். டிசம்பரில் உறைந்தால் குளிர்காலம் இன்னும் இரண்டு மாதம் பாக்கி இருக்கிறது என்பதை நினைவில் வையுங்கள். இரண்டு, அந்தக் காய்ந்த இலையும் குச்சியும் உள்ளே இருக்கும் கிளைக்குப் போர்வை. பார்க்க அசிங்கமாகத்தான் இருக்கும், இருக்கட்டும். 2021-ல் எங்கள் வீட்டுக்குப் புல் வெட்ட வந்தவர், கேட்காமலேயே வேலியோரச் செடிகளை எல்லாம் முழங்கால் உயரத்துக்கு வெட்டித் தள்ளிவிட்டார். அவர் கை படாத பின்பக்கத்து அதே ரகச் செடி ஏப்ரலில் பாதி உயரத்திலிருந்தே துளிர்த்தபோதுதான் எவ்வளவு உயிருள்ள கட்டையைக் குப்பையில் போட்டோம் என்று புரிந்தது.

உயிர் இருக்கிறதா என்று பார்க்கக் கட்டைவிரல் நகம் போதும். கிளை நுனியில் பட்டையை ஓர் எள்ளளவு கீறுங்கள். அடியில் ஈரமான பச்சை தெரிந்தால் உயிர். பழுப்பு, காய்ந்த வைக்கோல் நிறம் என்றால் அந்த இடம் போய்விட்டது, ஒரு சாண் கீழே போய் மறுபடி கீறுங்கள். எல்லாக் கிளையையும் கீறிக்கொண்டிருக்க வேண்டாம், அதுவும் காயம்தான், இரண்டு மூன்று கிளை போதும். பச்சை எங்கே தொடங்குகிறதோ அங்கே ஒரு துணித் துண்டைக் கட்டி அடையாளம் வையுங்கள். இது முக்கியம், ஏனென்றால் முதல் வாரத்தில் தெரியும் பச்சையை நம்ப முடியாது, செத்த பட்டையும் சில நாள் பச்சையாகவே இருக்கும். மூன்று வாரம் கழித்து மறுபடி பாருங்கள், கட்டிய துணிக்குக் கீழே பழுப்பு இறங்கியிருக்கிறதா என்று தெரிந்துவிடும்.

இன்னொரு அடையாளம் எலுமிச்சை, ஆரஞ்சு வகைகளில் எனக்கு ரொம்பவும் உதவியது. அடிபட்ட இலைகள் சில நாளில் தானாக உதிர்ந்துவிட்டால் நல்ல செய்தி, இலையை உதிர்ப்பதற்குக் கிளையில் உயிர் இருக்க வேண்டும். இலை காய்ந்து சுருண்டு, இழுத்தாலும் வராமல் ஒட்டிக்கொண்டே இருந்தால் அந்தக் குச்சி செத்துவிட்டது. மொட்டை மரத்தைப் பார்த்து அழுதுவிட்டு, இலையோடு நிற்பதைப் பார்த்து ஆறுதல் அடைவோம், உண்மை நேர்மாறு.

எப்போது வெட்டுவது? ஹூஸ்டனில் மார்ச் நடுவுக்கு முன்னால் வேண்டாம், டல்லாஸ் பக்கம் ஏப்ரல். அதுவும் துளிர் வந்து, எதுவரை உயிர் என்று செடியே காட்டிய பிறகு. மரங்களுக்கு நான் கோடை தொடங்கும் வரை விட்டுவிடுகிறேன். மார்ச்சில் ஜோராகத் துளிர்த்த கிளை, மே மாத வெயில் உறைத்ததும் ஒரே நாளில் துவண்டு கருகுவதைப் பார்த்திருக்கிறேன். கிளையில் இருந்த சத்தை வைத்துத் துளிர்த்ததே தவிர உள்ளே நீர் ஏறும் குழாய்கள் சேதமாகியிருந்தன. ஓக் மரம் வைத்திருப்பவர்களுக்குத் தனியாக ஒன்று: டெக்ஸாஸில் பிப்ரவரி முதல் ஜூன் முடியும் வரை ஓக் மரத்தில் கத்தி வைக்கக் கூடாது, வெட்டுக் காயத்தின் வழியாக ஓக் வாடல் நோயைப் பூச்சிகள் கொண்டுவரும்.

கறிவேப்பிலை

இதற்காகத்தான் பாதிப் பேர் படிக்கிறீர்கள் என்று தெரியும். கறிவேப்பிலை லேசான உறைபனியில் இலையை உதிர்க்கும், கடுமையான உறைபனியில் தரை வரை கருகும், ஆனால் வேர் எளிதில் சாகாது. நம் வீடுகளில் இருப்பதெல்லாம் விதையிலிருந்தோ பக்கக் கன்றிலிருந்தோ வந்தவை, ஒட்டுக் கட்டியவை இல்லை, அதனால் எந்த ஆழத்திலிருந்து முளைத்தாலும் அது கறிவேப்பிலைதான். செய்ய வேண்டியது, தூரைச் சுற்றி மூன்று அங்குலத்துக்கு வைக்கோலோ சருகோ பரப்பி மூடாக்கு போட்டு, தண்டை மட்டும் ஒட்டாமல் விட்டு, மண் காயும்போது அளவாகத் தண்ணீர் ஊற்றுவது, அவ்வளவுதான். என் மரம் மார்ச்சில் ஒன்றும் காட்டவில்லை, ஏப்ரலில் ஒன்றும் காட்டவில்லை. மே கடைசி வாரம், மாமி சொன்ன வைகாசியில், தண்டிலிருந்து ஓரடி தள்ளி மண்ணைப் பிளந்துகொண்டு செம்பு நிறத்தில் ஓர் ஊசி நீட்டிக்கொண்டிருந்தது. குனிந்து கிள்ளி முகர்ந்து பார்த்தேன், அதே வாசம். அந்தக் கோடையில் ஒன்பது கன்று வந்தது. எல்லாவற்றையும் விடாமல், நல்ல தடிமனாக இருக்கும் மூன்றை வைத்துக்கொண்டு மற்றதைத் தொட்டிக்கு மாற்றிவிட்டேன். பழைய தண்டைக் கன்றுகள் இடுப்பு உயரம் வந்த பிறகுதான் அறுத்தேன்.

செத்தே போய்விட்டால், வேறு மாநிலத்து நண்பரிடமிருந்து கன்றைக் காரில் வைத்துக் கொண்டுவந்துவிடாதீர்கள். கறிவேப்பிலையில் தங்கும் சைலிட் பூச்சிதான் எலுமிச்சை வகைகளுக்குப் பச்சையாதல் நோயைப் பரப்புகிறது, டெக்ஸாஸில் அந்த நோயை 2012-ல் கண்டுபிடித்தார்கள், அதனால் கன்றைக் கொண்டுபோகவும் கொண்டுவரவும் கட்டுப்பாடு இருக்கிறது. உங்கள் பகுதியிலேயே உரிமம் உள்ள நர்சரியில் வாங்குங்கள்.

எலுமிச்சை, ஆரஞ்சு

இங்கே கதை தலைகீழ். நர்சரியில் வாங்கிய எலுமிச்சை, சத்சுமா என்கிற ஆரஞ்சு வகை எல்லாம் பெரும்பாலும் ஒட்டுச்செடி, அதாவது வேறு செடியின் வேர்த்தண்டில் ஒட்டி வளர்த்தவை. தரையிலிருந்து கொஞ்சம் மேலே தண்டு வீங்கியோ நிறம் மாறியோ இருக்கும் இடம்தான் ஒட்டு. அதற்கு மேலே துளிர்த்தால் உங்கள் மரம். கீழே துளிர்த்தால் அது வேருக்காக வைத்த வேறு செடி, பெரும்பாலும் மூன்று மூன்று இலையாக, நீண்ட முள்ளோடு, அசுர வேகத்தில் வளரும். மூன்றாம் வருடம் வாயில் வைக்க முடியாத புளிப்பும் கசப்புமாய்க் காய் வந்த பிறகுதான் பலருக்குத் தெரிகிறது. ஒட்டுக்கு மேலே துளிர் இருந்தால் கீழே வருவதை இளசாக இருக்கும்போதே கையால் பிய்த்துவிடுங்கள். மேலே முழுவதும் செத்திருந்தால் புதுச் செடி வைப்பதுதான் நல்லது. இலை இல்லாத தண்டு வெயிலில் வெந்து பட்டை உரியும், அதற்கு வீட்டுச் சுவருக்கு அடிக்கும் வெள்ளை லேடெக்ஸ் பெயிண்டில் சம அளவு தண்ணீர் கலந்து தண்டில் பூசலாம். பட்டை ஏற்கனவே வெடித்திருந்தால் அதன் மேல் தாரோ பசையோ தடவாமல் அப்படியே விடுங்கள்.

மற்றவை

முருங்கைக்குக் கவலையே வேண்டாம், மேலே முழுவதும் செத்தாலும் பருத்த கிழங்கு வேரிலிருந்து ஏப்ரல், மே மாதத்தில் குத்தீட்டி போல எழும், செத்த தண்டை மட்டும் அறுத்துவிடுங்கள். வரவில்லை என்றால் பி.கே.எம்-1 விதை போட்டால் ஆறேழு மாதத்திலேயே காய்க்கத் தொடங்கும் ரகம்.

குண்டுமல்லி தரைக்கு மேலே கருகினாலும் தூரிலிருந்து வரும், புதுத் துளிரில்தான் பூ என்பதால் அந்தக் கோடையிலேயே பூக்கும். செம்பருத்தி ரகத்துக்கு ரகம் மாறும், நம் ஊர்ச் செம்பருத்தி 2021 குளிரில் பெரும்பாலும் பிழைக்கவில்லை. தொட்டிச் செடிகளைச் சாய்த்து மண்ணோடு உருவி வேரைப் பாருங்கள், வேருக்குத் தண்டை விடத் தாங்கும் சக்தி குறைவு, தொட்டியில் நாலு பக்கமும் குளிர் ஏறும். வெள்ளையாக, கெட்டியாக இருந்தால் திருப்பி வையுங்கள். தொட்டதும் தோல் உரிந்து நார் மட்டும் கையில் வந்தால் வேர் போய்விட்டது.

பனை வகை மரம் இருந்தால் நடுக்குருத்தை லேசாக இழுத்துப் பாருங்கள். கெட்டியாக நின்றால் நல்லது. கையோடு வந்துவிட்டால் உள்ளே அழுகல், அந்தக் குழிக்குள் செம்பு கலந்த பூஞ்சாணக் கொல்லியை ஊற்றிவிட்டுக் காத்திருக்கலாம், சில மரம் பிழைக்கும். பச்சை இருக்கும் ஒரு மட்டையையும் வெட்டாதீர்கள்.

உரமும் கைவிடும் நாளும்

துளிர் வருவதற்கு முன் உரம் போடாதீர்கள். தழைச்சத்து மட்டும் போட்டால் வேர் தாங்காத அளவுக்குத் துளிரைத் தூண்டும். கை நீளத்துக்குத் துளிர் வந்த பிறகு மக்கிய கம்போஸ்ட் இரண்டு கை, அப்புறம் வழக்கமாகப் போடும் உரத்தில் பாதி, அதுவும் மாதம் ஒரு முறை. இலை பாதியாக இருக்கும் மரத்துக்கு உரமும் தண்ணீரும் பாதிதான்.

கைவிடும் நாள் என்று நான் வைத்திருப்பது ஜூலை 4. அமெரிக்கச் சுதந்திர தின விடுமுறை, மறக்காது. அதுவரை தரைமட்டத்தில் கீறினாலும் பச்சை இல்லை, சுற்றிலும் ஒரு முளை இல்லை என்றால் தோண்டி எடுத்துவிடலாம். பனை வகைக்கு மட்டும் செப்டம்பர் வரை.

நவம்பரில் கறிவேப்பிலையின் தூரைச் சுற்றி முழங்கால் உயரத்துக்கு மண்ணைக் குவித்து வையுங்கள், எலுமிச்சைக்கு ஒட்டுப் பகுதி மறையும் வரை. மேலே எதுவரை கருகினாலும் மண்ணுக்குள் இருக்கும் தண்டு பச்சையாக இருக்கும், அங்கிருந்து வரும் துளிர் வேரிலிருந்து வருவதை விட மாதக் கணக்கில் முந்தும். மார்ச்சில் அந்த மண்ணை மறக்காமல் விலக்கிவிடுங்கள், வெயிலில் ஈர மண் ஒட்டியிருந்தால் பட்டை அழுகும்.